ஏழு நிமிடம் முந்திய இரண்டு கேமராக்கள்

பம்பாய் செம்பூரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானதும், ஆவணி மாதத்து சொசைட்டி கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். தீபாவளி முடிந்து வீடுகளைக் காலி செய்வதற்குள் ஒவ்வொரு குடும்பத்தையும் அவரவர் வாசற்கதவுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஓர் ஆல்பமாக்கி எல்லோருக்கும் ஒரு பிரதி தர வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதுதான் சரி. எந்த வருஷம் மொட்டைமாடித் தொட்டி விரிசல் விட்டது, எந்தக் கணபதி பண்டிகையில் லிஃப்ட் நடுவில் நின்றது என்பதையெல்லாம் தேதியோடு சொல்லக்கூடியவன் என்று கட்டடத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

இதற்குப் போன் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். போதாது. போனில் எடுத்த படம் நாலு பேர் கை மாறி வரும்போது அதன் தேதி உதிர்ந்துவிடுகிறது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் படம் ஒன்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் ‘இன்று காலை’ என்ற குறிப்போடு வந்து சேரும். அதில் பாதி மூழ்கி நிற்கும் நீல வேனை அதன் சொந்தக்காரர் விற்றே பல வருஷங்கள் ஆகின்றன. தேதி தெரியாத படம் எதற்கும் சாட்சியாகாது என்பது என் கட்சி. அதனால் ஒழுங்கான கேமரா ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தேன். இப்போது வருகிற கேமராக்களில் உள்ளே கண்ணாடி இல்லை. ஒரு சின்னத் திரையில் காட்டுவதைத்தான் நாம் பார்க்கிறோம். திரை காட்டுவதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. உள்ளே கண்ணாடி உள்ள பழைய மாதிரியில், எதிரே இருப்பதை நேராக நம் கண்ணே பார்க்கிறது. அதுவே வேண்டும் என்றேன்.

புரட்டாசி முழுக்க இணையத்தில் படித்தேன். விலை, எடை, வயது என்று எல்லாவற்றையும் பார்த்து இரண்டு மாடல்களில் வந்து நின்றேன். இரண்டும் நடுத்தர வகை. இரண்டையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு வேறு தளங்களில், இரண்டு வேறு பெயர்களின் கீழ், ‘நாள் முழுதும் தோளில் தொங்கினாலும் பாரம் தெரியாது’ என்று ஒரே வாக்கியம் எழுத்து மாறாமல் இருந்ததைக் கண்டதும் எனக்குச் சுருக்கென்றது. அரசனிடம் நிலமானியம் வாங்கியவன் எழுதிய வம்சாவளியைச் சரித்திரம் படிக்கிறவன் எப்படிப் படிப்பானோ, அதன் பிறகு நானும் அப்படித்தான் படித்தேன். எதைப் புகழ்கிறான் என்பதை விட்டுவிட்டு எதைப் பற்றிப் பேசாமல் போகிறான் என்று பார்த்தேன். மாடிப்படி போன்ற மங்கலான இடத்தில் படம் எப்படி விழும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் கட்டடத்தில் எல்லா வாசற்கதவுகளும் மாடிப்படியைப் பார்த்துத்தான் இருந்தன.

கோட்டைப் பக்கத்துக் கடைகளில் இரண்டு மாடலுமே நின்றுபோயிருந்தன. அப்போது மாட்டுங்காவில் இருக்கும் என் மைத்துனன், என் மனைவியின் தம்பி, அதில் ஒரு மாடல் தன்னிடமே இருப்பதாகச் சொன்னான். ஏதோ ஆசையில் வாங்கி, பத்துப் படம் எடுத்து, பிறகு அலமாரியில் வைத்துவிட்டதாகச் சொன்னான். இரண்டு வருஷமாகத் தொடவே இல்லையாம். அதோடு நிற்காமல், தாராவியில் ஒரு ஸ்டுடியோக்காரர் இன்னொரு மாடலை விற்கிறார் என்று கேள்வி, அதையும் பார்த்துவிடுங்கள் என்றான். தன் பொருளை விற்க நினைக்கிறவன் இன்னொருவன் கடைக்கு வழி காட்டுவானா? போதாததற்கு, “நான் சொன்னேன்னு சொல்லிக்காதீங்கோ அத்திம்பேர்” என்று வேறு சேர்த்துக்கொண்டான். என் மைத்துனன் ஒரு பெரிய கம்பெனியின் பம்பாய் ஆபீசில் மேனேஜர். என் மனைவி யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் அது வந்துவிடும். அப்படிப்பட்டவனுக்குத் தாராவி ஸ்டுடியோவில் என்ன விற்கிறார்கள் என்பது எப்படித் தெரியும்?

நவராத்திரி முடிந்த கையோடு தாராவிக்குப் போனேன். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், செங்குத்தான இரும்புப் படிகளுக்கு மேலே அந்த ஸ்டுடியோ இருந்தது. சுவரெல்லாம் மாலையும் கழுத்துமாகக் கல்யாண ஜோடிகள். ஆயுத பூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்ததால் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டாண்டு எல்லாவற்றிலும் சந்தனமும், அதன் நடுவே கறுப்பாகத் தெரியுமளவு அடர்ந்த குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஸ்டுடியோக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. கேமராவை என் கையில் கொடுத்து, ஒரு வாரம் வைத்து எடுத்துப் பார்க்கும்படி சொன்னார். முன்பணம் கேட்கவில்லை. முகவரிகூடக் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வந்தபோதும், “இருக்கட்டும் சார், டென்ஷன் நை” என்று கையை ஆட்டிவிட்டார். முன்பின் தெரியாதவனிடம் இவ்வளவு நம்பிக்கை வைக்கிற மனிதரை நான் எப்படி நம்புவது? கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, அதில் என்ன கோளாறு இருக்கும் என்று யோசித்தபடியே பஸ் ஏறினேன்.

மறுநாள் மைத்துனனின் கேமராவும் வந்தது. இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாட்டுங்கா கேமரா, தாராவி கேமரா என்று பெயரிட்டுக்கொண்டேன்.

என் பரிசோதனை முறை எளியது. ஒரே பொருள், ஒரே இடம். முதலில் ஒன்றால் எடுப்பது, உடனே மற்றதால் எடுப்பது. மீட்டர் பெட்டி, விட்டுவிட்டு எரியும் ட்யூப்லைட், இரண்டாம் மாடித் துளசிச் செடி எல்லாவற்றையும் இரட்டை இரட்டையாக எடுத்தேன். கீழ்வீட்டு மாமியையும் எடுத்தேன். அவள் கோபர்கைரனேயில் மகள் வீட்டுக்குப் போகப்போகிறவள். “ஒரே மூஞ்சிக்கு எதுக்கு ரெண்டு மிஷின்?” என்று கேட்டாலும், கதவைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றாள்.

மாட்டுங்கா கேமரா எடை குறைந்தது. முகத்தின் நிறத்தை உள்ளது உள்ளபடி கொடுத்தது. ஆனால் அதன் கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாம் சற்று இருண்டு, தள்ளித் தெரிந்தது. மாடிப்படி வெளிச்சத்தில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் தடுமாறியது. தாராவி கேமரா கனம். தாழ்ப்பாள் போடுவதுபோல் சத்தம். கைப்பிடி ரப்பர் கழன்று பசை போட்டு ஒட்டியிருந்தது. வானத்தை எடுத்தால் வலது மூலையில் கடுகளவு ஒரு புள்ளி. ஆனால் அதே மாடிப்படியில் கதவின் எண்ணைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. தாராவி கேமரா உழைத்த கேமரா என்பது பார்த்ததுமே தெரிந்தது. அலமாரியில் இருந்ததாகச் சொன்ன மாட்டுங்கா கேமராவிலும் கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து பளபளத்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. பத்துப் படத்தில் ரப்பர் அப்படித் தேயுமா?

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எடுத்த நேரப்படி அடுக்கச் சொன்னேன். இரண்டு கேமராக்களின் படங்களும், ஒன்றுவிட்டு ஒன்றாக, நான் எடுத்த வரிசையிலேயே வந்து உட்கார்ந்தன. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. நான் இரண்டின் கடிகாரத்தையும் தொடவே இல்லை. வெவ்வேறு ஆட்களின் கேமராக்கள் எப்படி இத்தனை ஒற்றுமையாக நேரம் காட்டும்? என் கைக்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். இரண்டும் சரியாக ஏழு நிமிடம் முன்னால் ஓடின. சரியான நேரத்தில் இரண்டும் ஒத்துப்போனால் அதில் ஆச்சரியமில்லை. அலமாரியில் இரண்டு வருஷம் தூங்கிய கேமராவும் தாராவியில் ஓடிக்கொண்டிருந்த கேமராவும் ஒரே அளவுக்குப் பொய் சொல்வது எப்படி?

இரண்டையும் கவிழ்த்தேன். தாராவி கேமராவின் அடியில், பேட்டரி மூடியின் ஓரத்தில், சந்தனமும் கறுத்த குங்குமமும் இருந்தன. அது எதிர்பார்த்ததுதான். மாட்டுங்கா கேமராவின் அடியிலும் அதே இடத்தில் அதே பொட்டு. துடைத்திருக்கிறார்கள், ஆனால் மூடியின் இடுக்கில் மிச்சம் இருந்தது. என் மைத்துனன் சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைக்கூட அடுக்கமாட்டான். சுண்டல் மட்டும் சாப்பிடுவான்.

என் மனைவி அந்த நேரம் பார்த்துக் கேட்டாள். “என்ன, ரெண்டையும் தலைகீழாப் போட்டுண்டு? என் தம்பி கேமராலயும் குத்தம் கண்டுபிடிச்சாச்சா?”

வெளிச்சம் பார்க்கிறேன் என்றேன். அவள் தம்பி விஷயத்தில் ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்க முடியாது. என் மனதில் ஒவ்வொன்றாக ஓடியது. இரண்டும் ஒரே ஆளுடைய கேமராக்கள். மைத்துனன் கமிஷனுக்கு விற்றுக்கொடுக்கிறான். அல்லது அவன் தன் கேமராவை எப்போதோ அங்கே அடகு வைத்திருக்கிறான். அல்லது இரண்டுமே எங்கிருந்தோ வந்தவை. எதுவானாலும் ஆல்பத்துக்கு நம்பக்கூடிய கேமரா எனக்கு இன்னும் கிடைக்கவில்லை; தீபாவளியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி நடந்தேன். ஸ்டுடியோப் படியேறியதும் முதலில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் கூட.

“வாங்க சார்” என்றார் ஸ்டுடியோக்காரர். “எது மனசுக்குப் பிடிச்சிருக்கு? நம்மளதா, மேனேஜர் சாரோடதா?”

எல்லாம் தெரிந்தவன் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வரவழைத்த காபியைக் கொஞ்சம் குடித்துவிட்டு, இரண்டு கேமராவும் ஒரே நேரம் காட்டுகின்றனவே என்று சாவகாசமாகக் கேட்டேன்.

“காட்டணும்லா? ரெண்டு பேரு ஒரு கல்யாணத்த எடுத்தா ரெண்டு கேமராவும் ஒரே டைம்ல ஓடணும். இல்லன்னா ஆல்பத்துல தாலி கட்டி முடிச்ச பொறவு மாப்பிள்ள காசிக்குக் கெளம்பிருவான்.”

அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் இரண்டிலும் நேரம் வைப்பார்களாம். ஏழு நிமிடம் எதற்குக் கூட என்று கேட்டேன். தன்னோடு வேலை செய்பவர்கள் முகூர்த்தத்துக்குத் தாமதமாக வருகிறார்கள் என்று அவரேதான் தள்ளி வைத்திருக்கிறாராம். பிறகு நான் கேட்காமலே மீதியும் வந்தது. அவர் முதன்முதலாக எடுத்த ஐயர் வீட்டுக் கல்யாணத்தில், பெண்ணை ஊஞ்சலில் வைத்துப் பாடி முடித்ததும் இனி நேரம் இருக்கிறது என்று காபி குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் பெண் அப்பா மடியில் இருக்கிறாள், சுற்றிலும் ஆட்கள் மறைத்து நிற்கிறார்கள், கெட்டிமேளம் கொட்டித் தாலி கட்டி முடிந்துவிட்டது. ஒரு படம் இல்லை. அந்த வீட்டாரிடம் வாங்கிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறதாம். அப்போதுதான், ஆபீஸ் மூடிப்போய் வீட்டிலிருந்த ஒரு மாட்டுங்காக்காரர் கேமராவைச் சுத்தம் செய்ய அவரிடம் வந்திருக்கிறார். பேச்சுவாக்கில் இவர் கதையைச் சொல்ல, அவர் சிரித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கூடவே போயிருக்கிறார்.

“பக்கத்துல நின்னு காதுல சொல்லுவாரு சார். இப்ப பொண்ணு தலைக்கு மேல நுகத்தடி வரும், வலது பக்கம் போ. இப்ப மடியில உக்காருவா, ஸ்டூலப் போடு. அப்புறம் அவரே எடுக்க ஆரம்பிச்சுட்டாரு. ஏக்தம் பக்கா கை. மாட்டுங்கா மண்டபத்துக்கு மட்டும் வரமாட்டாரு. டோம்பிவிலி, கோபர்கைரனேன்னா வருவாரு.” புதுசாக இரண்டு கேமரா எடுக்கிறோம், அதனால்தான் பழசு இரண்டையும் தள்ளிவிடுகிறோம் என்றார். “அவங்க அக்காவுக்குத் தெரியப்படாதுன்னு இருக்காரு. தம்பி இன்னும் மேனேஜர்னு அந்தம்மா நெனச்சிட்டிருக்காம்.”

அந்தம்மா என் மனைவி என்றேன்.

அவர் பிரிண்டர் மேலிருந்த துணியை எடுத்து மடித்து, மறுபடி அங்கேயே போட்டார். “தெரிஞ்சவருன்னுதான் சொன்னாரு, கேமராவக் குடுத்தனுப்புன்னு” என்றார் கடைசியில். “கேமரா ரெண்டும் நல்லதுதான் சார். அதுல பொய் இல்ல.”

திரும்பி வரும்போது எங்கள் கட்டட வாசலில் டெம்போ நின்றது. மூன்றாம் மாடிக்காரர்கள் தீபாவளிக்குக்கூடக் காத்திராமல் தேவ்நாரில் பார்த்திருந்த வாடகை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மாடியேறிப் போனால் அவர்கள் வாசலில் கதவே இல்லை. அசல் பர்மாத் தேக்கு. பழைய மரம் வாங்குகிறவன் கீலோடு கழற்றிக்கொண்டு போய்விட்டான். முதல் மாடியில் இரண்டு கதவுகளும் சுவரில் சாய்ந்து அவனுக்காகக் காத்திருந்தன. எந்தக் கேமரா என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, படம் எடுக்க வேண்டிய கதவுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஆல்பத்துக்கு இதுவரை என்னிடம் இருந்தது கீழ்வீட்டு மாமி மட்டும்தான். அதுவும் பரிசோதனைக்காக எடுத்தது. எல்லோரும் கிளம்புவதற்குள் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு மாமியை நிறுத்தி எடுக்கவே எனக்கு அரைமணி ஆகியிருந்தது. நான் தனியாக எடுத்து முடிக்க வழியில்லை.

மைத்துனனைக் கூப்பிட்டேன். கேமரா பிடித்ததா என்று கேட்டான்.

“கேமரா இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நீ வந்து எடுக்கணும்.”

“எனக்கென்ன அத்திம்பேர் தெரியும்?”

“நுகத்தடி எப்போ வரும்னு தெரியுமாமே.”

எதிர்ப்பக்கம் ஒரு பஸ் போகும் சத்தம் முழுதாகக் கேட்டது. பிறகு, “அக்கா இருப்பாளே” என்றான்.

“அவளும் ஒரு கதவு முன்னாடி நிக்கணுமே” என்றேன்.

அவன் வருவான் என்று நான் நம்பவில்லை. மறைக்கத் தெரிந்தவனுக்கு ஜுரம் வரவழைத்துக்கொள்ளவும் தெரியும். ஆனால் ஞாயிறு காலை காபிக்கே வந்துவிட்டான். மேனேஜர்கள் போடும் முழுக்கைச் சட்டை. அத்திம்பேருக்கு ஒத்தாசையாக வந்தேன் என்று அக்காவிடம் சொன்னான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய வேலையில் இருக்கிறவன், லீவு நாளில் வந்து உதவுகிறானே என்று இரண்டாம் மாடி வரை கேட்கும்படி சொன்னாள்.

முதல் மாடியில் மெதுவாகத்தான் தொடங்கினான். கழற்றிச் சாய்த்திருந்த கதவுகளை நிமிர்த்தி, அந்தந்த வீட்டு ஆண்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். இரண்டாம் மாடிக்குப் போனபோது சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான், குரலும் மாறியிருந்தது. “மாமா, வயித்தை உள்ள இழுக்க வேண்டாம், மூச்சு விடுங்கோ.” “ஆஜோபா, இக்கடே பகா” என்று மராத்திக்காரக் கிழவரைத் தன் பக்கம் பார்க்கவைத்தான். தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு கேமராக்களையும் மாற்றி மாற்றி எடுத்தான். நான் கதவு எண்களைச் சரிபார்த்துக்கொண்டு பின்னால் போனேன். என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக எங்கள் கூடவே வந்தாள். காபி தீர்ந்த பிறகும் வந்தாள்.

மூன்றாம் மாடிக்காரர்கள் சொல்லியனுப்பியதும் தேவ்நாரிலிருந்து வந்திருந்தார்கள். கதவில்லாத நிலைக்குள் அவர்களை நிறுத்தி, உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் வைத்தான். கணவர், அவர் தம்பி, இரண்டு பிள்ளைகள். எல்லோரும் முன்னால் வந்துவிட, அந்த அம்மாள் பின்னால் மறைந்துபோனாள். இவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை வீசிச் சொன்னான்: “பொண்ணோட அம்மா, கொஞ்சம் முன்னாடி வாங்கோ.”

அவர்களுக்குப் பெண்ணே கிடையாது. பிள்ளைகள் இருவரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்து, அப்படியே எடுத்துவிட்டான். அந்தப் படம்தான் ஆல்பத்தில் மிகச் சிறந்தது. என் மனைவி சிரிக்கவில்லை.

மாடி இறங்கும்போது கேட்டாள். “இதெல்லாம் எங்கடா கத்துண்டே?”

“யூட்யூப்ல பாத்தேன் அக்கா.”

“பொண்ணோட அம்மா முன்னாடி வாங்கோன்னு யூட்யூப்ல சொல்லித் தராளா?”

அவன் லென்ஸ் மூடியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

“எத்தனை கல்யாணம்டா?” என்றாள்.

“எண்ணலை.”

“ஆபீஸ்?”

“மூடிட்டான். இந்தத் தீபாவளியோட ரெண்டு வருஷம்.”

அவள் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அடுத்த படியில் கால் வைத்தவள் நின்றாள். உன் ஆத்துக்காரிக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். “இவருக்கு?” என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவன் கேமராத் திரையில் எதையோ பெரிதாக்கிப் பார்த்தான். வெளிச்சம் குறைகிறது, நம்முடைய கதவு ஒன்றுதான் பாக்கி என்று நான் சொன்னேன்.

தாராவி கேமராவை வாங்கிக்கொண்டேன். மாடிப்படி வெளிச்சத்தில் அதுதான் மேல். வானத்துப் புள்ளியோடு வாழ்ந்துகொள்ளலாம். மாட்டுங்கா கேமராவை விற்க என் மனைவி விடவில்லை. புதிது வந்தாலும் இது கையில் இருக்கட்டும் என்றாள். அதற்கு மேல் தம்பியிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மாட்டுங்காவில் ஒரு மண்டபத்துக்கு அவன் போன மாதம் கேமராவோடு போய்வந்ததாக ஸ்டுடியோக்காரர் சொன்னார். ஆல்பத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் நாளும் நேரமும் இருக்கின்றன. நேரத்தை மட்டும் நான் திருத்தவில்லை. எங்கள் கட்டடத்தின் கடைசி ஞாயிறு அதில் ஏழு நிமிடம் தள்ளியே நடக்கிறது.

எங்கள் வாசலில் எடுத்த படம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் ஒரு கேமராவாலும், உடனே மற்றதாலும் எடுத்தான். எது தெளிவு என்று இன்றுவரை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டிலும் நான் கேமராவைப் பார்க்கிறேன். என் மனைவி என்னைப் பார்க்கிறாள்.